கடைசி வரிசையின் சூடு

"மேடம், பஞ்சு! முழுக்கப் பஞ்சு. கம்பளி போர்த்தின மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு."

கூரைமேல் ஏறியிருந்த மெக்கானிக்கின் குரல் வாக்கிடாக்கியில் கரகரத்தது.

சாலையோர மரங்களில் காய்கள் வெடித்திருந்தன. காற்றில் பறந்த பஞ்சையெல்லாம் கூரையில் இருந்த குளிரூட்டும் இயந்திரம் தன் விசிறிகளால் இழுத்து இழுத்து, கடைசியில் மூச்சடைத்து நின்றுவிட்டது.

இன்னொரு இயந்திரமும் உண்டு. அதைப் பழுதுபார்க்கப் பிரித்துப் போட்டிருந்தார்கள்.

கீழே, கணினிகள் நிறைந்த கூடத்தில், அன்றைய ஷிஃப்டுக்குப் பொறுப்பு அவள்தான். பக்கத்தில் எலெக்ட்ரீஷியன் நின்றுகொண்டிருந்தார்.

"கழுவிட்டா ஓடுமா?" என்று வாக்கிடாக்கியில் கேட்டாள்.

"தண்ணி அடிச்சுக்கிட்டுதான் இருக்கேன். ஆனா உடனே கிளம்பாது மேடம். முனகி முனகித்தான் எந்திரிக்கும்."

குழாய்களில் ஓடிய குளிர்ந்த நீர் வெதுவெதுக்கத் தொடங்கியிருந்தது. அடுக்கடுக்காக நின்ற கணினிகளுக்குள் இருந்த சின்ன விசிறிகள் சூட்டை உணர்ந்து வேகமெடுத்தன. ஒரே இரைச்சல். பக்கத்தில் இருப்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

எப்போதும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நுழையும் கூடம் அது. இப்போது எலெக்ட்ரீஷியனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் செய்வதற்கு இரண்டே காரியங்கள்தான். குளிரைக் கூட்ட வேண்டும். முடியாவிட்டால் சூட்டைக் குறைக்க வேண்டும்.

சூட்டைக் குறைப்பது என்றால் எதையாவது அணைப்பது.

முன்வரிசையில் ஊரின் ஆம்புலன்ஸ் அழைப்புகள் வந்து சேரும் கணினிகள். அடுத்து ஆஸ்பத்திரிகள். அதற்குப் பின்னால் ரயில்கள். கடைசி வரிசை முழுக்க ஒரே ஒரு கணக்கு. கூடத்தின் பாதிச் சூட்டைக் கக்கியது அந்தக் கணக்குதான்.

அது தண்ணிக்காரம்மாவுடையது.

ஊழியர்கள் வைத்த பெயர். ஆராய்ச்சி செய்கிற பெண்மணி. பெருமழை பெய்தால் ஆறு எந்தெந்தத் தெருவுக்குள் ஏறும், எந்த வீட்டு வாசலில் நிற்கும் என்று கணக்குப் போடுகிறவர். கோடை பிறந்ததுமே தொடங்கிய கணக்கு ராப்பகலாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்காலத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

தினமும் காலையில் போன் செய்வார். "என் புள்ளைங்களுக்கு ஜுரம் கிரம் இல்லையே?"

"எல்லாம் சமத்தா இருக்குங்கம்மா" என்பார் எலெக்ட்ரீஷியன். அந்தப் போனை எடுப்பது எப்போதும் அவர்தான்.

பாதியில் மின்சாரத்தை நிறுத்தினால், கடைசியாகச் சேமித்து வைத்த இடத்துக்கே கணக்கு திரும்பிப் போய்விடும். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் ஓடியதெல்லாம் வீண்; புதிதாகச் சேமிக்க இப்போது நேரமும் இல்லை. மறுபடி ஓடி முடிக்கும்வரை மழை காத்திருக்காது.

சுவரில் இருந்த வெப்பமானியை அவள் பார்த்தாள். ஏறிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் ஏறினால் கணினிகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமாகவே அணைந்துகொள்ளும். அப்போது எது முதலில் அணையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆம்புலன்ஸாகவும் இருக்கலாம்.

"கடைசி வரிசை" என்றாள்.

எலெக்ட்ரீஷியன் போனை எடுத்தார். "தண்ணிக்காரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமா மேடம்?"

வேண்டாம் என்று கை காட்டினாள்.

"பாவம், மேடம்."

"சொன்னா மட்டும் அணைக்காம இருக்கப் போறமா?"

குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. இரைச்சலுக்காகக் கத்துகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சுவிட்சை இறக்குவது எலெக்ட்ரீஷியனின் வேலை. அவர் நகர்ந்தபோது அவள் முந்திக்கொண்டாள். "இருங்க. நான் பண்றேன்."

ஒவ்வொன்றாக இறக்கினாள்.

பச்சை விளக்குகள் கண் மூடிக்கொண்டே போயின. அந்த மூலையில் மட்டும் இரைச்சல் ஓய்ந்தது. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல, காது அந்த இடத்துக்கே போய்ப் போய் வந்தது.

வெப்பமானி தயங்கியது. அப்படியே நின்றது.

மேலே இயந்திரம் இருமி, முனகி, ஒருவழியாக ஓடத் தொடங்கியபோது எலெக்ட்ரீஷியன் அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வரிசையில் ஒரு விளக்குகூடச் சிமிட்டவில்லை. அன்று என்ன நடக்க இருந்தது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

கடைசி வரிசைக்காரருக்கு மட்டும் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வரி போனது: தவிர்க்க முடியாத காரணத்தால் மின்சாரம் நிறுத்தப்பட்டது.

அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. மாமியார்தான் கதவைத் திறந்தார்.

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். அவருக்குப் பின்னால், சாப்பாட்டு மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஆற்றின் வரைபடம் விரிந்து கிடந்தது. ஒவ்வொரு தெருவும், ஒவ்வொரு சந்தும் அதில் இருந்தது.

சலுகை காட்டுகிறாள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதென்று, இந்த உறவை அவள் வேலையிடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

"உன் ஷிஃப்டா?"

"ஆமா, அத்தை."

"நீயா நிறுத்தினே?"

"நான்தான்."

அத்தை வாசலை விட்டு நகரவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மத்த வரிசையெல்லாம் பொழைச்சுதா?"

"பொழைச்சுது, அத்தை."

அத்தை மெல்லத் தலையை ஆட்டினார். "நல்லவேளை, எனக்குப் போன் பண்ணல. பண்ணியிருந்தா உன்கிட்ட கெஞ்சியிருப்பேன்."

வழியை விட்டார். அவள் செருப்பைக் கழற்றக் குனிந்தாள்.

அதன் பிறகுதான் அத்தை அழுதார்.