அரை அங்குல மடிப்பு

திருப்பூர் பனியன் கம்பெனியில் எல்லார் மணிக்கட்டிலும் கையை இயக்கும் பட்டை மாட்டினார்கள். இனி கை தானாகத் தைக்கும், எட்டு மணி நேரமும் மனசு உங்களுடையது, கதை எழுதுகிறவர்கள் உள்ளுக்குள்ளே எழுதிக்கொள்ளலாம் என்றார் சூப்பர்வைசர்.

பனியனின் அடியை அரை அங்குலம் மடித்துத் தைக்கும் தெய்வானைக்குக் கதை எழுதும் ஆசை உண்டு; ஆனாலும் இது சரியாகப் படவில்லை.

"சும்மா குடுப்பானுங்களாக்கா? நெனைக்கறதையெல்லாம் உறிஞ்சிக்குவானுங்க," என்றாள் பக்கத்து மெஷின் நசீமாவிடம்.

"உன்ற கதைய வெச்சு அவனுங்க என்ன பண்ணப் போறானுங்க?"

தெய்வானை அசரவில்லை. மனசுக்குள் நாவலை வளர்த்தபோதும் பட்டையை ஏமாற்றப் பாத்திரங்களுக்குப் பொய்ப் பெயர்தான் வைத்தாள். முடிவை மட்டும், சாயங்காலம் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிய பிறகே நினைத்தாள்.

ஆறு மாதத்தில் நாவல் முழுசாகத் திரண்டது. போனில் சொல்லி எழுதவைத்தால் களவு போகும் என்று புது நோட்டு வாங்கினாள். பட்டை கம்பெனியில் கிடக்க, ஞாயிறு காலை வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் பேனாவை எடுத்தாள். முதல் வரி தயாராக இருந்தது.

கை பேனாவைக் கீழே வைத்தது. தாளின் ஓரத்தை அரை அங்குலம் மடித்தது, நகத்தால் நீவியது, அடுத்த தாளுக்குப் போனது.