ரக்ஷிதா போட்ட எட்டு

"ஃபெயில்" என்றார் இன்ஸ்பெக்டர் சுதீர், பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமலே.

ரக்ஷிதாவுக்குக் காதில் விழுந்தது. மண்டையில்தான் ஏறவில்லை.

"யாரு சார்? நானா?"

"நீதாம்மா. எட்டு போடும்போது ரெண்டு தடவ கால் கீழ வெச்சே. ஏழு நாள் கழிச்சி மறுபடி வா."

சித்தூர் லைசென்ஸ் டெஸ்ட் கிரவுண்டில் வரிசையாக நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு முன்னால் போன கங்காதர நெல்லூர் பால்காரருக்கு அறுபது வயது. பழைய மொபெட்டில் ஆடி ஆடிப் போய் அவர் பாஸ் ஆகியிருந்தார்.

ரக்ஷிதா யார்? மோட்டோகிராஸ் வீராங்கனை. மண்மேட்டில் ஏற்றி பைக்கை அந்தரத்தில் பறக்கவிடும் பந்தயத்தில், போன மாதம் தேசிய அளவில் பெண்களில் முதல் இடம். சொந்த ஊர் குடிபாலாவில் அப்பா, அவள் வாயில் நைனா, டிராக்டரால் தள்ளிக் கொடுத்த மண்மேட்டில் பதிமூன்று வயதில் ஆரம்பித்து, தோள் எலும்பை இரண்டு தடவை உடைத்துக்கொண்டு பிடித்த இடம். வளைவில் காலை நீட்டித் திரும்புவதுதான் அந்தப் பந்தயத்தில் வித்தை.

இங்கே அதற்குப் பெயர் ஃபெயில்.

"சார், நான் யாருன்னு தெரியுமா?"

கேட்டதும் அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். இப்படிக் கேட்கிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

"தெலுசும்மா. பேப்பர்ல பாத்தேன்."

"பெரிய கம்பெனி டீம்ல எடம் கெடச்சிருக்கு சார். சோமவாரத்துக்குள்ள லைசென்ஸ் காப்பி அனுப்பணும். இல்லன்னா எடம் போயிடும்." மெயிலைத் திறந்து போனை நீட்டினாள்.

சுதீர் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். மிரண்டுவிட்டார் என்று நினைத்தாள்.

"நல்ல சான்சும்மா. ஏழு நாள் கழிச்சி வா. நெக்ஸ்ட்!"

நைனா முனிரத்தினத்தின் பின்னால் உட்கார்ந்துதான் வீடு திரும்பினாள். இந்தியாவின் முதல் இடம், பில்லியன் சீட்டில்.

அன்று சாயங்காலமே வீடியோ போட்டாள். 'முப்பதடி தூரம் பறக்கிறவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாதாம். ஒரு பொண்ணு ஜெயிச்சா சில பேருக்குப் பொறுக்கல.' கூடவே, சுதீர் முகம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ.

ஒரே நாளில் இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். 'லஞ்சம் கேட்டிருப்பான்' என்று ஒருத்தர் எழுதியிருந்தார். சுதீர் ஒரு டீத்தண்ணி கூடக் கேட்கவில்லை என்பது ரக்ஷிதாவுக்குத் தெரியும். தெரிந்தும் அதற்கு ஒரு லைக் போட்டாள்.

"கால் வெச்சது நெஜம்தானே?" என்றார் நைனா.

"அது வேற விஷயம் நைனா."

"வேற இன்னா விஷயம்?"

போனை நோண்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை டீமில் இருந்து மெயில் வந்தது. லைசென்ஸை அடுத்த வாரம் கொடுத்தால் போதுமாம்.

"பாத்தியா நைனா? வீடியோ பவரு!"

ஆனாலும் எட்டு போட்டாக வேண்டுமே. களத்தில் கோலமாவால் பெரிய எட்டு வரைந்து பழகினாள். அந்தரத்தில் பயப்படாதவளுக்கு, ஆமை வேகத்தில் வண்டி சொன்ன பேச்சு கேட்கவில்லை. முதல் நாளே கீழே விழுந்து, காயவைத்த கல்லையை, அதாவது வேர்க்கடலையைச் சிதறடித்தாள்.

"சாம்பியன், எழுந்து வந்து கல்லையப் பொறுக்கு" என்றாள் அம்மா பிரமிளா.

ஏழு நாள் கழித்து மறுபடியும் சித்தூர். பயந்துபோய் இருப்பார், கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போடுவார் என்று நினைத்துப் போனாள். சுதீர் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். அவள் பூட்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கால் ஒரு தடவை கூடத் தரையில் படவில்லை.

"பாஸ். நெக்ஸ்ட்!"

அவ்வளவுதான். வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பயம்தான், வேறென்ன என்று அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் திருப்பதியில் ஓர் ஓட்டலில் ஒப்பந்தம். டீம் மேனேஜர் நளினி பேப்பர்களை நகர்த்தி வைத்தாள். ரக்ஷிதா பேனாவை எடுத்தாள்.

"தேங்க்ஸ் மேடம். என் வீடியோவப் பாத்துதானே டைம் குடுத்தீங்க?"

நளினி சிரிக்கவில்லை. "வீடியோவப் பாத்த அன்னிக்கே லிஸ்ட்லருந்து உன் பேர எடுத்துட்டோம். தோத்தா அடுத்தவங்க மேல பழி போடுற பொண்ணு எங்களுக்கு வேணாம்னு."

ரக்ஷிதாவின் பேனா நின்றது.

"அப்புறம்... எப்டி மேடம்?"

"மறுநாள் ஒரு மெயில் வந்தது. நீயே படிச்சிப் பாரு."

லேப்டாப்பைத் திருப்பினாள். ஆங்கிலத்தில் ஐந்தே வரி.

'இந்தப் பெண் வண்டி ஓட்டியதை நேரில் பார்த்தேன். பத்தொன்பது வருடத்தில் வண்டியை இப்படிக் கைக்குள் வைத்திருந்தவரை நான் கண்டதில்லை. வீடியோ, பதினெட்டு வயதுக் கோபத்தில் போட்டது. அதற்காக அவள் இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள், லைசென்ஸோடு வருவாள்.'

யாரோ பெரிய ரசிகர் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே கீழே தள்ளிப் பார்த்தாள்.

'இப்படிக்கு, சுதீர், வாகன ஆய்வாளர், சித்தூர்.'