திரையில் வற்றிய ஆறு

ஆட்டுப்படையின் தளபதியான யானை போர்ப் பயிற்சி எடுப்பதற்கென்று ஒரு கணினி இருந்தது. அன்று திரையில் ஆட்டுப்படை ஆற்றில் இறங்கியது. முந்நூறு ஆடுகளும் மூழ்கிப்போயின.

"ஆழத்தைக் குறைச்சுப் போடு," என்றார் தளபதி.

கணினி குறைத்தது. இந்தத் தடவை எல்லா ஆடுகளும் கரையேறின.

"ஜெயிச்சாச்சு. நாளைக்குக் காலையில ஆத்தைக் கடக்குறோம்."

ஆற்றை அளந்துவிட்டு வந்திருந்த செவலை ஆடு முன்னால் வந்தது. "ஐயா, தண்ணி எங்க கொம்புக்கு மேல போகுது. கூட அளக்க வந்த என் தங்கச்சி திரும்பி வரல."

"அதான் திரையில பார்த்தியே?"

"திரையில செத்த ஆடு எழுந்திரிச்சுது. என் தங்கச்சியை எழுப்புங்க பார்ப்போம்."

"விடிஞ்சதும் முரசு அடிங்க," என்றார் தளபதி.

காலையில் முரசு அதிர்ந்தது. செவலை பாதையின் குறுக்கே படுத்தது.

"என்னை மிதிச்சுட்டுப் போங்க," என்றது.

அதன் பின்னால் ஒவ்வொன்றாக எல்லா ஆடுகளும் படுத்தன.