நீலச் சட்டை

கியோட்டோ சாலையில் பல்லக்குத் தூக்கும் உமெகிச்சி, சேற்றுச் செருப்போடு அச்சுக்கூடத்துக்குள் நுழைந்தான். கையில் கசங்கிய படம். மலைப்பாதை, கொட்டும் மழை, பல்லக்கு. அதன் கொம்பைத் தோளில் வாங்கி முதுகு வளைந்து நிற்பவன் சாட்சாத் அவனேதான்.

"சத்திரத்துக்குச் சத்திரம் இதை மாட்டி வச்சிருக்கான். வேலை முடிஞ்சு ஒரு வாய் சோறு திங்க உக்காந்தா, சுவத்துல நான் இன்னும் தூக்கிட்டு நிக்கிறேன். என்னை எடுய்யா இதுலேருந்து!"

"அச்சடிக்கிற மரப்பலகை செதுக்கியாச்சு. அந்த மலைக்காகத்தான் எல்லாரும் வாங்குறாங்க. உன்னை எவன் பாக்குறான்?" என்றார் அச்சடித்துக்கொண்டிருந்த கன்ஜிரோ, தலை நிமிராமல்.

பக்கத்தில் கிடந்த உளியைப் பாய்ந்து எடுத்தான் உமெகிச்சி. பலகையில் இருந்த தன் முகத்தைக் குத்தினான். முதுகை, கால்களை, கொம்பு அழுத்தும் தோளை வெறியோடு சுரண்டித் தள்ளினான்.

"இப்ப அடிய்யா, பாப்போம்!"

கன்ஜிரோ அதே பலகையில் மை தடவித் தாளை அழுத்தி எடுத்தார். மழைக்கோடுகளுக்கு நடுவே வெள்ளையாக ஓர் ஓட்டை. உமெகிச்சி மூச்சு விட்டான்.

அவன் சிதைத்தது கோடுகளை அச்சடிக்கும் பலகையை மட்டும்தான். வண்ணங்களுக்கு வேறு பலகைகள் இருந்தன. கன்ஜிரோ அதே தாளை நீலப் பலகையில் வைத்துத் தேய்த்தார். முகமில்லை, கால்களில்லை; வளைந்த நீலச் சட்டை ஒன்று பல்லக்கைச் சுமந்துகொண்டிருந்தது.

தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இதுவும் விக்கும்."