பெட்டி பூட்டாத கெப்

"அப்ப ஏலாது எண்டுதான் சொல்றாய்?"

பாறூக் கேற்றுக்கு வெளியிலேயே நின்று கேட்டார். தங்கையின் வளவுக்குள் கால்வைக்க இன்று அவருக்கு மனமில்லை.

"ஏலாது காக்கா. புது இஞ்சின். ஆயிரம் கிலோமீட்டர் வெறுமையா ஓடிப் பழகினாத்தான் பின்னால இழுவைப் பெட்டி பூட்டலாம். கம்பனியில அப்பிடிச் சொல்லித்தான் தந்த" என்றாள் முப்லிஹா.

"வானத்தப் பாரு. எண்ட நெல்லு முழுக்க மூட்டையாக் கட்டி வாகனேரி வயல் வட்டைக்குள்ள கிடக்கு. மேல படங்கு போட்டிரிக்கன். கீழால தண்ணி வந்தா என்ன செய்யிற? அடுத்த போகத்துக்கு வித்துநெல்லும் அதுக்குள்ளதான்."

"ட்ரெக்டர் ஒண்டும் கிடைக்கல்லியா காக்கா?"

"அறுவடை நேரத்தில ஆர்ர ட்ரெக்டர் சும்மா நிக்கும்? சும்மா நிக்கிறது ஒண்ட முத்தத்தில மட்டுந்தான். கெப்பும் நிக்குது, பெட்டியும் நிக்குது."



அந்த கெப் ஓட்டமாவடியில் பேர்போன கெப். குவைத்தில் உழைத்த காசையும், பின்வளவில் சீமெந்துக் கல் அரிந்து விற்ற காசையும் சேர்த்து அவள் வாங்கியது. டீசல் பிக்கப் வண்டி, நாலு சில்லும் இழுக்கும். கல் ஏற்றுவதற்கென்று பின்னால் கொழுவி இழுக்கும் புதுப்பெட்டியும் எடுத்து, அதை மழை படாமல் மூடியும் வைத்திருந்தாள்.

ஆனால் கல் ஏறவில்லை. காலையானால் கணவன் ஸாஹிர் ஓட்ட, இவள் பக்கத்தில் இருக்க, வெறும் வண்டி பனிச்சங்கேணிப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வரும். விற்ற கல்லெல்லாம் வாடகை ட்ரெக்டரில் போகும். இதுதான் ஊருக்குச் செரிக்கவில்லை.

"கெப் எடுத்தது கல்லேத்தவா, காத்து வாங்கவா?" என்று சந்தியில் சிரித்தார்கள். ஸாஹிரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். கட்டாரில் பெரிய பெரிய ட்ரெயிலர் ஓட்டிய மனுசன், கொன்றாக்ட் முடிந்து வந்து இந்த ராங்கிக்காரியிடம் மாட்டிக்கொண்டாரே!

பாறூக்குக்கும் அந்தப் பேச்செல்லாம் காதில் விழும். தங்கையாச்சே என்று இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தார்.

"முப்லிஹா, நீ இரிக்கிற இந்த வீட்டக் கட்டி முடிக்காம நான் கலியாணம் முடிக்க மாட்டனெண்டு நிண்டவன். ஓடு போடுற வரைக்கும் எனக்கு வேற நெனப்பில்ல. அத நான் சொல்லிக்காட்டப்படாது. ஆனா இண்டைக்குச் சொல்ல வச்சிட்டாய்."

அவள் கண் கலங்கியது. "காக்கா, வேற எதக் கேட்டாலும் தாறன்."

"எனக்கு வேற ஒண்டும் வேணாம்."

திரும்பப் போனவருக்கு என்ன தோன்றியதோ, விறுவிறுவென்று உள்ளே வந்து கெப்பின் கதவைத் திறந்தார். சாவி அதிலேயே இருந்தது. முப்லிஹா ஓடிவந்து தடுப்பதற்குள் திருப்பிவிட்டார். மீட்டரில் வெளிச்சம் வந்தது.

மூவாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது.

பாறூக் மீட்டரை விரலால் தட்டிக் காட்டினார். பிறகு தங்கையைப் பார்த்தார்.

"கூடப்பொறந்தவனுக்கே பொய்யா?"

அவள் வீட்டு வாசலை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைக் கல்லாக்கிக்கொண்டாள்.

"ஓம் காக்கா, பொய்தான். பாரம் இழுத்தா வண்டி தேஞ்சிரும். எண்ட வண்டி, எனக்கு விருப்பமில்ல. போதுமா?"

"போதும். இனி இந்த வாசல நான் மிதிக்க மாட்டன்."

அவர் கேற்றைத் தாண்டுமுன், வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஸாஹிர், செருப்பைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். யாரோடும் பேசாமல் கெப்பில் ஏறி, பின்னுக்கு எடுத்துப் பெட்டியின் முன்னால் நிறுத்தினார். இறங்கிவந்து கொழுக்கியைத் தூக்கினார். பூட்டும்போது பிடித்த ஆணி ஒருதரம் கீழே விழுந்தது.

"வேணாங்க" என்றாள் முப்லிஹா. இப்போது அவள் குரலில் கல் இல்லை. "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

"வழி விடு புள்ள."

ஆணி இறங்கியது. கெப் முனகிக்கொண்டு நகர, பெட்டி அதன் பின்னால் ஒழுங்காக வந்தது. கேற்றடியில் பாறூக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஸாஹிரின் சட்டை வியர்வையில் தொப்பமாக நனைந்திருந்தது.

"ஏறுங்க மச்சான். மழைக்கு முதல் வட்டைக்குப் போவம்."

"அவள் விருப்பமில்லாமத் தாற வண்டியில எனக்கென்ன ஏற்றம்?"

"அவள ஏசாதீங்க. கொன்றாக்ட் முடிஞ்சு வந்தனெண்டது பொய். கட்டார்ல நான் இழுத்த பெட்டி புரண்டு, நல்ல ரெண்டு மனுசர் மவுத்தாகிட்டாங்க. அதுக்குப் பொறகு ஸ்டேரிங்கப் புடிச்சாலே எனக்கு மூச்சு வராது. வேற ஆள் வந்து பெட்டி இழுத்தா, நான் ஏன் இழுக்கல்லண்டு ஊர் கேக்கும். ஊருக்கு இது தெரியப்படாதெண்டுதான் அவள் ராங்கிக்காரியெண்டு பேர் எடுத்த. இப்ப கூடப்பொறந்த ஒங்கட உறவையும் விடப் பாத்தாள்."

பாறூக் திரும்பித் தங்கையைப் பார்த்தார். அவள் முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஸாஹிர் கதவைத் திறந்துவிட்டார். சொல்லிமுடித்த முகத்தில் வெட்கம் இல்லை. பெருமைதான் இருந்தது.

"இஞ்சின் எப்பயோ பழகிட்டு மச்சான். இவ்வளவு நாளும் இவள் பழக்கினது என்னத்தான்."