படத்தில் இருந்த சொம்பு

ஓவியர் இளம்பரிதி தன் வீட்டு நசுங்கிய பித்தளைச் சொம்பைப் படமாக வரைந்து கூடத்தில் மாட்டினார். பார்க்க வந்த விருந்தாளி ஒருவர் படத்தை விட்டு நகரவில்லை.

"அந்த நசுங்கல் மேல விழுற வெளிச்சத்தைப் பாருங்க. என்ன அழகு," என்றார்.

சமையலறையில் சொம்பு காது கொடுத்துக் கேட்டது. "என்னைப் பத்திதான் பேசறாங்க," என்று பக்கத்திலிருந்த டம்ளரிடம் சொன்னது. சொம்பைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு இருந்தது. இனி அந்தப் பயம் இல்லை.

விருந்தாளி தண்ணீர் கேட்டார். ஓவியரின் மனைவி தேவசேனா உள்ளே வந்து சொம்பை எடுத்தாள். இதையா வந்தவர் முன்னால் வைப்பது என்று கூச்சம் வந்தது. அதை வைத்துவிட்டுக் கண்ணாடி ஜாடியில் கொண்டுபோனாள்.

குடித்துவிட்டு அவர் கேட்டார்: "அந்தச் சொம்பு வீட்டில இருக்கா? ஒரு தடவை தொட்டுப் பாக்கணும்."

"அது இப்ப ஏதுங்க? எப்பவோ போட்டுட்டோம்," என்றாள் தேவசேனா.

அவர் போனதும், சொன்னது பொய்யாக வேண்டாம் என்று சொம்பைப் பழைய சாமான் சாக்கில் போட்டுக் கட்டினாள்.

சாக்குக்குள் விசும்பல் கேட்டது. டம்ளருக்கு மனசு தாங்கவில்லை.

"அழாதப்பா," என்றது. "உன் படத்தை நல்லாப் பாத்துக்குவாங்க."