மட்டைக்கு மட்டை

"அதே மட்டைக்கு அதே மட்டை, சேர். வேறை ஒண்டும் கேக்கேல்லை."

சுதர்சிகா துணிப்பையிலிருந்து எடுத்ததை மேசைமேல் வைத்தாள். தர்மசீலன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

கப்பல்களில் முப்பது வருடம் பொறியியலாளராக ஓடியவர் தர்மசீலன். ஓய்வு பெற்று உவர்மலையில் வீடு கட்டியபோது, கோல்ஃப் மட்டைகளுக்கென்றே ஓர் அறையை ஒதுக்கினார். எல்லாம் ஆளின் உயரத்தையும் கைப்பிடியையும் அளந்து தனித்தனியாகச் செய்யப்பட்டவை. கொழும்பிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் ஃபோன் எடுத்து, மணிக்கணக்கில் மட்டைக் கதை கதைப்பார்கள். ஒன்றைக் கொடுத்து ஒன்றை மாற்றிக்கொள்வார்கள்.

ஆனால் மூதூரிலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி வந்து கேட்பது புதிது. அதுவும் இது மூன்றாவது ஞாயிறு.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றைத்தான். பந்தை மெல்லத் தட்டிக் குழிக்குள் விழுத்தும் பட்டர் மட்டை. கதவடியில் சாய்த்து வைத்திருந்த அதன் அடியில் ஜப்பான் கிழவர் ஒருவரின் முத்திரை இருந்தது. வருடத்துக்கு நாற்பது மட்டைதான் செய்வார் அந்தக் கிழவர். அந்த முத்திரைக்காகவே உலகம் முழுக்க ஆட்கள் காத்துக் கிடந்தார்கள்.

முதல் ஞாயிறு விலைக்குக் கேட்டாள். கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு, எதைத் தந்தால் மாற்றுவீர்கள் என்று கேட்டாள். "எதைத் தந்தாலும் மாட்டன்" என்றுவிட்டார். இன்றைக்கு அதே மட்டையில் இன்னொன்றைக் கொண்டு வந்திருக்கிறாள்.

தர்மசீலன் அதைக் கையில் ஏந்திப் பாரம் பார்த்தார். முத்திரையை விரலால் தடவினார்.

"அசல்தான். எங்கை பிடிச்சனீங்கள்?"

"ஜப்பானில என்ர மச்சாள் இருக்கிறா. அவதான் தேடி எடுத்தவ. ரெண்டு வருசம் பிடிச்சுது. போன கிழமைதான் கைக்கு வந்தது."

"என்ரையில கீறல் விழுந்திருக்கு. பிடியும் தேய்ஞ்சு போச்சு. இது புத்தம்புதுசு. பிறகேன் மாத்தக் கேக்கிறியள்?"

"எனக்கு அதுதான் வேணும்."

"நீங்கள் விளையாடுறனீங்களோ?"

"இல்லை, சேர். ஒரு நாளும் விளையாடேல்லை."

"ஆருக்கும் பரிசு குடுக்கவோ?"

"இல்லை."

"அப்ப அதுக்குள்ள இரத்தினக்கல்லே வைச்சுக் கிடக்கு?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

தேத்தண்ணி கொண்டு வந்த அவர் மனைவி கனகமணி, சுதர்சிகாவைப் பார்த்து இரங்கினாள். "பாவம், மூண்டு கிழமையா அலையுது. குடுத்துவிடுங்கோவன். ரெண்டும் ஒண்டுதானே?"

"நீர் சும்மா இரும். ரெண்டும் ஒண்டில்லை."

பிறகு சுதர்சிகாவிடம் திரும்பினார். "குறை நினைக்காதையுங்கோ, பிள்ளை. சீனக்குடா கோல்ஃப் திடலில நான் நாளாந்தம் விளையாடுறது இந்த மட்டையாலதான். குடுக்க ஏலாது."

"அப்ப அடுத்த ஞாயிறும் வருவன்."

"வந்தாலும் இதே பதில்தான்."

"அதுக்கு அடுத்த ஞாயிறும் வருவன், சேர்."

அவள் சொன்ன விதத்தில் தர்மசீலன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி. என்ன காரணம் எண்டு உண்மையைச் சொல்லுங்கோ. பிறகு யோசிப்பம்."

ஜன்னலுக்குக் கீழே துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் ஒன்று அசையாமல் நின்றது. சுதர்சிகா கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"அது போலி, சேர்."

கனகமணி வாயில் கை வைத்தாள். தர்மசீலன் அசையவில்லை.

"அது அந்தக் கிழவர் செய்ததில்லை. நான் செய்தது. மூதூரில வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துற பட்டறை வைச்சிருக்கிறன். லேத் வேலை எல்லாம் என்ர கையாலதான். கொழும்பிலயிருந்து ஒராள் ஒரு மட்டையைக் கொண்டு வந்து, கடையில காட்சிக்கு வைக்க இதேமாதிரி மூண்டு செய்து தாங்கோ எண்டார். முத்திரையையும் அப்பிடியே வெட்டச் சொன்னார். நானும் வெட்டினன். அசல் எண்டு சொல்லி அதுகளை வித்தது எனக்குப் பிறகுதான் தெரியும்."

அவள் புது மட்டையை அவர் பக்கம் தள்ளினாள்.

"மற்ற ரெண்டையும் தேடிப் பிடிச்சு உருக்கிப்போட்டன். இதுதான் கடைசி. முதலே சொன்னால் பொலிசுக்குப் போவியள், பட்டறையை மூட வேண்டி வரும் எண்டு பயந்தன். இப்ப நீங்கள் போனாலும் பரவாயில்லை. என்ர கையால செய்த ஒரு சாமானால ஆரும் ஏமாந்திருக்கக் கூடாது. இந்த அசலை எடுத்துக்கொண்டு அதைத் தாங்கோ."

தர்மசீலன் எழுந்தார். ஃபோனை எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்த சுதர்சிகா கண்ணை மூடிக்கொண்டாள். சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது அவர் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு மட்டையை உருவி எடுத்துக்கொண்டிருந்தார். அதே மட்டை, அதே முத்திரை. பிடி தேயவில்லை, மேலெல்லாம் தூசி.

"இது அசல். வாங்கி நாலு வருசம். இதையும் கதவடியில கிடக்கிறதையும் பக்கத்தில வைச்சு நிறுத்துப் பார்த்த அண்டைக்கே எது போலி எண்டு எனக்குத் தெரியும், பிள்ளை," என்றார். "பிறகு ஒரு மாசம் ரெண்டாலயும் மாத்தி மாத்தி அடிச்சுப் பார்த்துத்தான் அசலை உள்ளுக்கு வைச்சுப் பூட்டினனான். நீங்கள் செய்ததை உருக்க விடமாட்டன். அந்தக் கிழவரின்ர முத்திரையைச் சுரண்டிப்போட்டு, அதில உங்கட பேரை வெட்டித் தாங்கோ."